பதினேழாம் எண்

அத்தியாயம் 12

திறக்கக் கூடாத கோப்பைத் திறந்து பதினோரு நாளாகிவிட்டது. இந்தப் பதினோரு நாளில் தங்கை ஒருமுறைகூட அண்ணனுக்குப் போன் செய்யவில்லை.

அதற்கு முன்னால் இருபது வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. மதியம் ஒரு மணிக்கு அவள் லேபில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறப்பான். பத்து நிமிடம் பேசுவார்கள். பேச விஷயமே இருக்காது. "என்ன பூதம், இன்னைக்கு எத்தன பேரோட குடலப் பாத்த?" என்று அவன் ஆரம்பிப்பான். சின்ன வயதில் அவன் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. போகப்போகக் கண்ணாடி கழன்றுபோய் பூதம் மட்டும் மிஞ்சியது. அவளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. தனியாக இருக்கிறாள். அவளைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான்.

அண்ணனுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. அறுவை முடிந்து இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். எடுத்த திசுவில் ஒரு துண்டு, அவன் சம்மதக் கையெழுத்தோடு, தங்கை வேலை செய்யும் ஆராய்ச்சிக்கே வந்து சேர்ந்தது. பெயர் போட மாட்டார்கள், எண் மட்டும்தான். ஆனால் அன்றைக்கு அந்தத் திசு வந்த டப்பாவை வாங்கி வைத்தவளே அவள்தான். பதினேழு.

அவர்கள் பார்ப்பது கட்டியை மட்டுமல்ல, அதன் அக்கம்பக்கத்தை. கட்டியைச் சுற்றி எவ்வளவு நார் இறுகியிருக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் செல்கள் எத்தனை அந்த நாரைத் தாண்டி உள்ளே போயிருக்கின்றன, எத்தனை வெளியிலேயே நின்றுவிட்டன என்று எண்ணுவார்கள். அதை வைத்து நோயாளியின் நாட்களை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. பழைய நோயாளிகள் நூற்று முப்பது பேரின் திசுவை எண்ணி மேல், நடு, கீழ் என்று மூன்று வரிசையாகப் பிரித்தாயிற்று. கீழே போகப் போக உள்ளே நுழைந்த செல்கள் குறைவு, நாட்களும் குறைவு. அந்தக் கணக்கு புதியவர்களிடம் பலிக்கிறதா என்று இப்போது பார்க்கிறார்கள்.

பதினேழைத் தான் எண்ண மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து அவள் ஒதுங்கிக்கொண்டாள். வேறொருவர் எண்ணி முடிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஆராய்ச்சி முடியும்வரை அதை யாரும் பார்க்கக் கூடாது. பதினோரு நாளுக்கு முன்னால், ஒரு மணியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது, அவள் பார்த்தாள்.

கீழ் வரிசை.

ஒரு மணிக்குப் போனை எடுக்கக் கை வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

*

காலை ஒன்பதரைக்கு அண்ணி கூப்பிட்டாள். அண்ணி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். அவள் போனில் எப்போதும் இன்னொருவர் பயந்துகொண்டிருப்பார்.

"பிரேக்க மிதிங்க சார்! உங்களத்தான். மிதிச்சிட்டு அப்படியே மூச்சு விடுங்க." பிறகு குரல் தணிந்தது. "வேலையா இருக்கியாம்மா?"

"சொல்லுங்க அண்ணி."

"இது மருந்து இல்லாத வாரம். காலைல எழுந்து குளிச்சி, இஸ்திரி போட்ட சட்டையப் போட்டுட்டு உக்காந்திருக்கார். எங்கன்னு கேட்டா, சும்மான்னார். உன்கிட்டதான் வருவார்னு நினைக்கிறேன்."

"இங்கயா? எதுக்கு?"

"நீதான் போன் பண்றதில்லையே."

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. அதனாலேயே அது தங்கையைக் குத்தியது.

"வேலை அதிகம், அண்ணி."

"இருக்கும்." காரின் இண்டிகேட்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. "அந்தக் கணக்க நீ பாத்தியா இல்லையான்னு நான் கேக்கல. எனக்குச் சொல்லவும் வேணாம். அவர் கேட்டார்னா மட்டும், நல்லாயிருக்குன்னு சொல்லிடு."

"எப்படி அண்ணி..."

"பொய்னு அவருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல. ஒரு தடவ நல்ல வார்த்த காதுல விழட்டும். இடது பக்கம் திருப்புங்க சார். இடதுன்னா நீங்க வாட்ச் கட்டியிருக்கிற கை."

போன் நின்றது.

தங்கை கண்ணாடித் தகடுகளின் தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். ஒரு கையில் எண்ணும் கருவி, கட்டை விரலால் அழுத்தினால் ஒன்று கூடும். டிக், டிக், டிக். பன்னிரண்டரை மணிக்குள் ஆறு பேரை எண்ணி முடித்தாள். ஆறு பேரும் எண்கள்தான். அவர்களுக்கும் எங்கோ தங்கைகள் இருப்பார்கள் என்று இத்தனை வருடத்தில் அவள் நினைத்ததில்லை. நினைத்தால் எண்ண முடியாது.

*

பன்னிரண்டே முக்காலுக்கு வாசலில் அண்ணன் நின்றான். கழுத்தில் வருகையாளர் அட்டை. கையில் சாப்பாட்டு டப்பா. இடுப்பில் பெல்ட் இரண்டாம் சுற்றுக்கு வந்திருந்தது.

"உங்க லிஃப்ட் இந்த மாடியில அரை அங்குலம் எறங்கி நிக்குது. யாராவது தடுக்கி விழுவாங்க. சொல்லி வை."

"உக்காரு அண்ணா. படியேறி வரலையே?"

"லிஃப்ட்டக் குறை சொல்றேன்னா அதுலதான வந்திருப்பேன்? டாக்டருக்குப் படிச்சவதான நீ?"

அவன் சுற்றிலும் பார்த்தான். வெள்ளை மேசை. ஜன்னலில்லாத சுவர். நடுவில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தகட்டைப் பார்க்கும் மைக்ராஸ்கோப். ஒரு பக்கம் அவள் நாற்காலி. எதிர்ப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய பையும் குடையும் இருந்தன. அவன் அவற்றை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"நான் நம்பர் கேக்க வரல" என்றான்.

"எந்த நம்பர்?"

"மூக்கத் தொடாத. பொய் சொல்றப்ப தொடுவ."

அவள் கையைக் கீழே இறக்கினாள்.

"அம்மா போன அன்னைக்குக்கூட நீ ஒரு மணிக்குப் போன் பண்ணின. ஞாபகம் இருக்கா? ஒரே வீட்ல இருந்தோம். நீ மாடியில, நான் கீழ. பண்ணிட்டு ரெண்டு பேரும் எதுவும் பேசாம இருந்தோம். அப்படிப்பட்டவ பதினோரு நாளாப் பண்ணல." அவன் டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டே பேசினான். "மொத நாள் மீட்டிங்னு நினைச்சேன். ரெண்டாவது நாள் ஜுரம்னு நினைச்சேன். மூணாவது நாள் தெரிஞ்சுபோச்சு. எனக்கு ரிப்போர்ட் வந்துடுச்சு, பூதம்."

அவள் எதிர்பார்த்தது வேறு. அழுவான், கேட்பான், தான் தடுமாறுவோம் என்று என்னென்னவோ நினைத்து வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லாமல் பத்திரமாக வைத்திருப்பதாக நம்பிய ஒன்றை, அவள் தினமும் மதியம் ஒரு மணிக்கு அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"மன்னிச்சிடு அண்ணா."

"அத விடு. காட்டு."

"எத?"

"என்னோடதத்தான். எனக்குள்ள இருந்தது. இத்தன நாளா அதுக்கு நான்தான சோறு போட்டேன். மொகத்தப் பாக்க வேணாமா?"

"அது ஆராய்ச்சிக்குச் சொந்தமானது."

"நான் கையெழுத்து போட்ட பேப்பர்ல பின்பக்கமும் படிச்சேன். எப்ப வேணா வேணாம்னு சொல்லி வெளியேறலாம்னு போட்டிருக்கு. வெளியேறட்டா?"

ஏற்கெனவே ஒரு விதி உடைந்திருந்தது. அவள் எழுந்து அலமாரியைத் திறந்து பதினேழை எடுத்து வந்தாள்.

*

குமிழை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முப்பது வருடம் இயந்திரங்களோடு பழகிய விரல்கள் தாமாகவே அதைக் கண்டுபிடித்து, மெதுவாகத் திருகி, தெளிவு வந்ததும் நின்றன.

"இந்த ரோஸ் கலர்ல முறுக்கு முறுக்கா ஓடுதே?"

"நார். உடம்பு கட்டினது."

"அந்த ஊதா வளையம்?"

"அதான் கட்டி."

அவன் தகட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்து முடித்தான். "இவ்ளோதானா?" என்றான் கடைசியில். "இதுக்கா இந்தப் பாடு? கொஞ்சமாதான இருக்கு."

"கணையத்துல அப்படித்தான். கட்டி கொஞ்சமா இருக்கும். சுத்தி இருக்கிற நார்தான் நெறைய."

"பழுப்பா புள்ளி புள்ளியா இருக்கே?"

"அது எதிர்ப்புச் செல். உன்னோட ஆளுங்க."

"என் ஆளுங்களா? அப்ப ஏன் எல்லாரும் ஓரத்துலயே நிக்கறாங்க?"

"உள்ள போக முடியல. நார் விடல."

அவன் தலையைத் தூக்காமலே சிரித்தான். "எனக்குத் தெரியும் இது. பத்தாவது மாடியில தீப்பிடிச்சிருக்கு. அணைக்க வந்தவங்க எல்லாம் கீழ லிஃப்ட் முன்னாடி நிக்கறாங்க. கதவு திறக்கல. படிக்கட்டு கிடையாதா?"

"அதத்தான் தேடிட்டிருக்கோம்."

பார்ப்பவருக்கு இடம் காட்ட அந்த மைக்ராஸ்கோப்பில் ஒரு பச்சை அம்பு உண்டு. அவன் அதை நகர்த்தக் கற்றுக்கொண்டுவிட்டான். அம்பு நாரைக் கடந்து வளையத்துக்குள் போய் நின்றது.

"இங்க பாரு. ஒருத்தன் போயிட்டான்."

அவளும் குனிந்தாள். வளையத்துக்குள் ஒரே ஒரு பழுப்புப் புள்ளி.

"இன்னொருத்தன். இந்தப் பக்கம். பாத்தியா?"

"பாத்தேன்."

"இவங்களையும் எண்ணினாங்களா?"

"எண்ணியிருப்பாங்க அண்ணா."

"எண்ணியும் பத்தலையா?"

அவன் கண்ணை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. இரண்டு முகங்களுக்கும் நடுவில் இரும்பும் கண்ணாடியும் இருந்தன. அப்படி இருந்ததால்தான் அவளால் சொல்ல முடிந்தது.

"பத்தல."

எங்கோ குளிர்பெட்டியின் மோட்டார் ஓடி நின்றது.

"சரி" என்றான் அண்ணன். "என்ன மாதிரி எத்தன பேர்?"

"பழைய கணக்குல நாப்பத்து நாலு பேர். பாதிப் பேர் ஒண்ணரை வருஷம் தாண்டல. ஒன்பது பேர் அஞ்சு வருஷம் கழிச்சும் செக்கப்புக்கு வந்துட்டிருக்காங்க."

"அந்த ஒன்பது பேர் என்ன பண்ணாங்களாம்?"

"தெரியல. அவங்க தகட்டையும் எடுத்து எடுத்துப் பாத்துட்டேன். உன்னோடது மாதிரியேதான் இருக்கு. இந்த எண்ணு கூட்டத்தப் பத்தித்தான் சொல்லும், அண்ணா. தனி ஆளப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுன்னா நீ ஏன் பதினோரு நாளா வாயத் திறக்கல?"

இருபது வருடமாகக் கற்ற பாடம் அவளுக்கே பயன்படவில்லை என்பதுதான் பதில். அவன் எழுந்து வந்து அவள் தலையில் லேசாகத் தட்டினான்.

"வா. பசிக்குது. உனக்கும் சேத்துதான் கட்டிட்டு வந்தேன்."

*

வராந்தாக் கோடியில் ஊழியர்கள் சாப்பிடும் அறை காலியாக இருந்தது. அண்ணனால் நாலு வாய்க்கு மேல் முடியவில்லை. மீதியை அவள் பக்கம் தள்ளினான்.

"வீட்ல எல்லாரும் மெதுவாப் பேசறாங்க" என்றான். "எல்லாரும்னா உங்க அண்ணி ஒருத்திதான். டிவி சத்தத்தக் குறைக்கறா. கதவ நோகாம சாத்தறா. என்னைத் திட்டி நாலு மாசம் ஆச்சு, தெரியுமா? கல்யாணமான நாள்லேர்ந்து தினம் திட்டு வாங்கினவன் நான். டாக்டர் சொன்னப்பகூட எனக்குப் பயம் வரல. ஈரத் துண்ட கட்டில்ல போட்டேன், அவ ஒண்ணும் சொல்லாம எடுத்துக் காயப் போட்டா பாரு, அன்னைக்குதான் வந்துச்சு."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறப் பார்த்தது. தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

அவன் போனை எடுத்து மகளுடைய செய்திகளைக் காட்டினான். ஒரே மகள். கடலடியை அளந்து படம் போடும் கப்பலில் வேலை கிடைத்து, மூன்று வாரத்துக்கு முன்னால் கிளம்பிப் போனாள். எட்டு மாதம் கழித்துதான் கரைக்கு வருவாள். கடலின் படம். மேல்தளத்தில் சூரியன். 'இன்னைக்கு டால்பின் பாத்தேன்பா.'

"வாலு எப்படி எழுதறா பாரு. சிக்னல் கிடைக்காதாம், பேச முடியாதாம். தினம் ஒரு படம் மட்டும் வந்துடும்." அவன் படத்தை விரலால் பெரிதாக்கி மறுபடி சின்னதாக்கினான். "இந்தக் கணக்கு அவளுக்குத் தெரியவே கூடாது, பூதம். தெரிஞ்சா நடுக்கடல்ல குதிச்சி நீந்தி வந்துடுவா. எட்டு மாசம் அவ அங்க இருக்கட்டும்."

"அண்ணிக்கு?"

"அவ கேட்டா நல்லாயிருக்குன்னு சொல்லிடு. ஒரு தடவ நல்ல வார்த்த கேக்கட்டும், பாவம்."

காலையில் கேட்ட அதே வார்த்தைகள். தங்கை டப்பாவை மூடினாள்.

"அண்ணி காலைல பேசினாங்க."

"என்னன்னு?"

"நீ வருவேன்னு சொன்னாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவனை லிஃப்ட் வரை கொண்டுவிட்டாள். கதவு மூடும்போது அவன், "நாளைக்கு ஒரு மணிக்கு" என்றான்.

*

அறைக்குத் திரும்பியதும் அவள் ஆராய்ச்சித் தலைவியைப் பார்க்கப் போனாள். மேடம் நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"பதினேழைத் திறந்து பாத்துட்டேன், மேடம். பதினோரு நாளாச்சு. இன்னைக்குத் தகட்டையும் எடுத்துக் காட்டினேன்."

"யாருக்கு?"

"பதினேழுக்கு."

மேடம் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உன் அண்ணன்னு ஆரம்பத்துலயே எழுதிக் குடுத்த. அப்பவே உன்னை வேற வேலைக்கு மாத்தியிருக்கணும். நீ எண்ணற மாதிரி யாரும் எண்ண மாட்டாங்கன்னு வச்சுக்கிட்டேன். அது என் தப்பு." பேனாவை மறுபடி திறந்தார். "பதினேழ இதுலேர்ந்து எடுக்க வேண்டியதில்ல. உன்னத்தான் எடுக்கணும்."

"தெரியும், மேடம்."

"சாவியக் குடுத்துட்டுப் போ. மத்தத நான் எழுதிக்கறேன்."

மூன்று வருட வேலை. அலமாரிச் சாவியை மேசையில் வைத்தபோது சின்னதாக ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு வெயில் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பினாள். வேலைநாளில் அந்த நேரத்துத் தெருவை அவள் பார்த்ததே இல்லை. கடைகளில் ஆட்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தாள்.

*

அவள் வீடு இரண்டாவது மாடி. கடைசித் திருப்பத்தில் நிமிர்ந்தபோது, தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் படியில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தலையில் தொப்பி. மடியில் முதுகுப்பை.

"அத்தை."

நடுக்கடலில் இருக்க வேண்டிய அண்ணன் மகள்.

தங்கை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "கப்பல்?"

"கப்பல் போயிடுச்சு அத்தை. நான் ஏறல."

"டால்பின்?"

"கூட வேலைக்குச் சேந்தவ அங்கேர்ந்து படம் அனுப்புவா. நான் அத அப்பாவுக்கு அனுப்புவேன்."

உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பெண் மூன்று வாரத்தில் இளைத்திருந்தாள். பெற்றோர் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாளாம்.

"தினம் காலைல ஆறரைக்கு அப்பா நடக்கப் போவார். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்ல தொப்பி போட்டுட்டு நிப்பேன். அவர் திரும்பி வீட்டுக்குள்ள போற வரைக்கும் இருப்பேன்."

"நேரா வீட்டுக்குப் போறதுதானேடி?"

"போனா என்ன நினைப்பார்? இவளே வேலைய விட்டுட்டு வந்துட்டாளே, அப்ப எனக்கு நாள் கம்மின்னு நினைப்பார். நான் கப்பல்ல இருந்தா, எட்டு மாசம் கழிச்சி வந்து அப்பாவப் பாப்பேன்னு நான் நம்பறேன்னு அர்த்தம். இல்லையா அத்தை? எனக்குப் போகவும் முடியல. போகலன்னு சொல்லவும் முடியல."

அவள் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தாள். கடலை அளக்கப் படித்த பெண்ணின் கட்டம் கட்டமான எழுத்து. தேதி, நேரம், நிமிடம், விநாடி. இருபத்தொரு வரி.

"கேட்லேர்ந்து தெருமுனை வரைக்கும் அப்பா நடக்கிற நேரம். மொத நாள் நாலு நிமிஷம் பத்து செகண்ட். இன்னைக்கு ஆறு நிமிஷம் முப்பது செகண்ட்."

தங்கை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மருந்து ஏற்றிய நாட்களில் நேரம் ஏறியிருந்தது. நடுவில் இரண்டு நாள் குறைந்திருந்தது. அந்த இரண்டு வரிக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு பூ வரைந்திருந்தாள்.

"மருந்து போட்டா இப்படித்தான் இருக்கும்" என்றாள். "இத வச்சு ஒண்ணும் முடிவு பண்ணக் கூடாது."

"உங்க நம்பர வச்சு?"

"அத வச்சும்தான்."

"ஆனா என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இன்னைக்குச் சொன்னேன்."

"அப்பா என்ன பண்ணார்?"

"டப்பாவுல இருந்தத எனக்குக் குடுத்துட்டு, லிஃப்ட்டக் குறை சொல்லிட்டுப் போனார்."

பெண் தொப்பியைக் கழற்றி அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். தங்கை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை. இந்த வீட்டில் அவள் இதுவரை யாரையும் தேற்றியதில்லை. முதுகில் கை வைத்தாள். கை பாட்டுக்கு அங்கேயே இருந்தது.

ஜன்னலில் வெயில் இறங்கிய பிறகு, "எழுந்திரு. செருப்பப் போடு" என்றாள்.

"எங்க?"

"உங்க வீட்டுக்கு."

"அத்தை, சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கு மூணு பேர் என்கிட்ட சொல்லாத சொல்லாதன்னு குடுத்துட்டுப் போயிருக்கீங்க. எனக்கு வைக்க எடமில்லம்மா. நீயே வந்து சொல்லு."

*

அண்ணன் வீட்டு வாசலில் மணியை அழுத்தியபோது ஆறே முக்கால். திறந்தது அண்ணி. இப்போதுதான் வந்திருப்பாள் போல. கார்ச் சாவி இன்னும் விரலில் மாட்டியிருந்தது.

அவள் முதலில் நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். திகைக்கவில்லை. மகள் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"மூணு வாரமா பஸ் ஸ்டாப்ல நிக்கற. ஒரு பஸ்லயும் ஏறல" என்றாள் தணிந்த குரலில். "யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சியா? நாள் பூரா கண்ணாடியப் பாத்துட்டே இருக்கறது என் வேலைடி."

"அம்மா, நீ பாத்தியா?"

"மொத நாளே பாத்தேன். அதுலேர்ந்து காலைல மொத கிளாஸ் யாருக்கு எடுத்தாலும் அந்தத் தெருவுலதான். நீ நிக்கற வரைக்கும் முன்னும் பின்னும் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிட்டிருப்பேன். ஒருத்தர் கோவிச்சுட்டு வேற ஸ்கூலுக்கே போயிட்டார்."

"ஏம்மா என்னக் கூப்பிடல?"

"கூப்பிட்டா அப்பாகிட்டச் சொல்லணும். சொன்னா மறுநாளே உன்னக் கப்பலுக்கு ஏத்தி விட்டுடுவார். அங்கயாவது நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "யாரு வந்திருக்கறது?"

மகள் ஒரு காலை உள்ளே வைத்தாள். அண்ணி குறுக்கே கையை நீட்டி நிறுத்தினாள்.

"இரு. ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் இங்கயே நில்லுங்க. உன்னப் பாக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு."

"என்னம்மா?"

அண்ணி நாத்தனாரை ஒருமுறை பார்த்தாள். கேட்காமல் விட்ட கேள்வி எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டாள்.

அத்தையும் மருமகளும் நடைவழியில் நின்றார்கள். உள்ளே அண்ணியின் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஏதோ கேட்டான் அண்ணன். மறுபடி அவள் குரல். அப்புறம் எதுவும் இல்லை.

மகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ அழத் தொடங்கினார்கள். அது அண்ணனா அண்ணியா என்று இருவருக்குமே தெரியவில்லை. அந்த இரண்டு பேரில் யாருடைய அழுகையையும் அவர்கள் அதுவரை கேட்டதில்லை.